தாடிக்காரனுக்கு ஆஞ்சியோ

அப்பா செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வடக்கே நாங்கள் பிழைக்க வந்த ஊரில், ஐ.என்.ஏ. மார்க்கெட் கடையொன்றில் அரிசி மூட்டையை இறக்கி வைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே சாய்ந்துவிட்டார். அதே கடையில் அதே வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கும் மூட்டை தூக்கினால் நெஞ்சு வலித்தது.

"மூக்கு அவரு, நடை அவரு, கோவம்கூட அவருதான். நெஞ்சும் அவருதா இருந்தா நா என்னடா பண்ணுவேன்?" என்று அம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர், தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்க வேண்டும் என்றார். ஆஞ்சியோவாம்.

படம் எடுக்கும் அன்று காலை சவரக்காரர் கத்தியோடு வந்தார். நான் தாடியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். கொள்ளி வைத்தவன் நான். வருஷம் முடியும்வரை கத்தி படக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"நஹி பையா, அப்பா செத்துட்டாரு" என்று அரைகுறை இந்தியில் விளக்கினேன்.

"அச்சா, தாடிய நீயே வெச்சுக்கோ. எனக்கு மூஞ்சி வேணாம். பைஜாமாவ அவுரு, ஜல்தி" என்றார்.

அந்த இடத்தைப் பற்றி அம்மா எதுவும் சொல்லியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் தாத்தா சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

படம் எடுக்கும் மேஜையில், குழாய் வழியாக மருந்து உள்ளே போனதும் உடம்பெல்லாம் சூடு. படுத்தபடியே மூத்திரம் போய்விட்டேனோ என்று பயந்தேன். டிவியில் என் நெஞ்சுக்குள் கறுப்பு வேர்கள் தோன்றித் தோன்றி மறைந்தன. டாக்டர் ஒரு கிளையை இடப்பக்கம் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் அது வலப்பக்கம் கிளம்பிச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது.

"பிறவியிலேயே இப்படி. பயமில்ல. அடைப்பு எங்கயும் இல்ல. வலி வெறும் தசைவலி."

"எங்கப்பாவுக்கும் இப்படித்தானா, சார்?"

"அவரப் படமே எடுக்கலியே."

சாயந்திரம் அம்மா வந்தபோது காலை அசைக்காமல் கிடந்தேன். ரத்தம் கசியாமலிருக்கத் தொடைமேல் மணல் பை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"சுத்திக்கிட்டு வந்தா வரட்டும். உங்கப்பா என்னிக்கு நேரா வீட்டுக்கு வந்தாரு?"

எனக்கு அழுகை வந்தது. அழுதால் கால் ஆடும் என்று அடக்கினேன். அவள் குனிந்து என் தாடியைத் தடவிப் பார்த்தாள்.

"கத்தி படலியே?"

"மூஞ்சில படல."

"பின்ன?"

பக்கத்துக் கட்டிலில் மறுபடி இருமல் கிளம்பியது.