ஐந்து நாளில் இரண்டு பாலைவனம்

நான் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். போன குளிர்காலத்தில் ஜெய்சல்மேர் மணல்மேடுகளையும் கட்ச் வெள்ளைப் பாலைவனத்தையும் பார்க்க நானும் கணவரும் கிளம்பினோம். ரயிலில் போய்வரும் நாட்கள் போக ஐந்து நாள்தான் மிச்சம். வரைபடத்தில் இரண்டும் பக்கத்தில் தெரியவே, ஊருக்கு இரண்டரை நாள் என்று நானே பிரித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விடிகாலையில் ஜெய்சல்மேரிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டோம். சாப்பாட்டை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று, கணவர் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டிருந்தார். வெகுதூரம் போயும் ஒரு கடைகூடத் தென்படவில்லை. திடீரென்று அவருக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறியது. காரை நிறுத்தச் சொல்லி, பையிலிருந்த கருப்பட்டி மிட்டாயை வாயில் வைத்தேன்.

கால்மணி நேரத்தில் தெளிந்தவர், “வண்டிய எடுக்கச் சொல்லுளா, இருட்டுறதுக்குள்ள கட்ச் போயிருவோம்” என்றார்.

“கட்ச் எங்கயும் ஓடிப் போவாது. நாம திரும்புதோம்” என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே ஜெய்சல்மேருக்குத் திரும்பி வந்தவர், கடைசி நாள் மாலை மணல்மேட்டை விட்டு எழ மனமில்லாமல் ரசித்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் லீவு எழுதுமுன் ஊர்களுக்கு இடையே போகும் நேரத்தையும் முதலில் கழித்துவிடுகிறேன். சாப்பாட்டுப் பொட்டலம் இல்லாமல் வண்டி ஏறுவதில்லை. வரும் குளிர்காலத்தில் ஐந்து நாளும் கட்ச் மட்டும்தான்.