வாசுகிக்கு ‘நீங்க’ போட்டேன்

எனக்கு மெதுவாகப் பேச வராது. மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால், அந்தப் பெயர் இல்லாதவனும் பதறி எழுந்துவிடுவான் என்பார்கள். சொத்து என்று எனக்கு வந்தது அந்தக் குரல்தான். அதை வைத்தே குருணில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வரை ஏறிவிட்டேன். இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கத்தக்கூடிய ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் பிரிவில் பீங்கான் கைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அவற்றில் மாட்டியிருக்கும் கையுறையைப் பெண்கள் நின்றபடியே உருவி எடுப்பார்கள். அதில் வாசுகி கெட்டிக்காரி.

“ஏய் வாசுகி, தூங்குறியா? உருவு லா!” என்பேன்.

“சரிண்ணே” என்பாள்.

ஒன்பது வருஷமாக எங்களுக்குள் நடந்த கருத்துப் பரிமாற்றம் மொத்தமும் இதுதான். நன்றாகத்தான் நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

நிர்வாகம் அப்படி நினைக்கவில்லை. சுங்கைப் பட்டாணியில் ஓர் ஓட்டலுக்கு என்னைப் பயிற்சிக்கு அனுப்பியது. தொழிலாளியிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம். என் மகள் வயதுப் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். உட்காரச் சொல்லுங்கள், கண்ணைப் பாருங்கள், புன்னகை செய்யுங்கள், தலையசையுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், கடைசியில் நன்றி சொல்லுங்கள். எல்லாவற்றையும் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். நான் சிரிப்பதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், “நீங்க சாப்டீங்களா?” என்று ஆரம்பித்தேன்.

சீதா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “யாரு அவ?” என்றாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை, முதல் ஆளாக வாசுகியையே அலுவலக அறைக்குக் கூப்பிட்டேன்.

“வாங்க வாசுகி, உட்காருங்க. எப்படி இருக்கீங்க? மைலோ குடிக்கிறீங்களா?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மனதில் இருப்பதைத் தயங்காமல் சொல்லுங்கள் என்றேன். அவள் பேசத் தொடங்கினாள். நிறையவே பேசினாள். நான் கண்ணைப் பார்த்தேன், புன்னகை செய்தேன், தலையசைத்தேன். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. கன்னம் வலித்தது. அவள் நிறுத்தியதும், “உங்க கருத்துக்கு ரொம்ப நன்றி” என்று முடித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். என் மரியாதையில் மனம் இளகிவிட்டாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

மறுநாள் அவள் வரவில்லை. வாட்ஸ்அப்பில் செய்திதான் வந்தது: “அண்ணே, நீங்களா நிறுத்துறதுக்கு முன்னாடி நானே நின்னுக்கிறேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் இடத்தில் இரண்டு புதுப் பெண்களை நிறுத்தியும் கையுறைகள் உருவப்படாமலே போய்க்கொண்டிருந்தன. லாரியில் பெட்டி ஏற்றும் பக்கிரிசாமியிடம் புலம்பினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அண்ணே, கோவிட் முடிஞ்சு ஆளக் கொறச்சாங்களே, அப்ப எப்படிக் கூப்பிட்டாங்க? ‘உட்காருங்க, மைலோ குடிங்க’ன்னுதானே? இங்க ‘நீங்க’ன்னு ஆரம்பிச்சா, நீக்கப் போறாங்கன்னு அர்த்தம் லா!”

அட, இவ்வளவுதானா! மரியாதை அதிகமாகி ஆளை இழந்தவன் கெடாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அன்று சாயங்காலமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெர்போக்கில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று என் சொந்தக் குரலை எடுத்தேன்.

“ஏய் வாசுகி! யாரு உன்ன நிறுத்துனது? நாளைக்கு ஒழுங்கா வேலைக்கு வா!”

பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்தன. வாசுகி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“அப்ப வேல போகலியாண்ணே?”

“போகல. சும்மா மரியாதையாப் பேசிப் பார்த்தேன்.”

“நல்லா பார்த்தீங்க போங்க. ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு” என்று உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். இடது கையால் நீட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. “என்னா வாசுகி, பீச்சாங்கையில குடுக்குற அளவுக்கு ஆயிட்டேனா நான்? சோத்துக்கைக்கு என்னா?”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“சோத்துக்கையில ஒண்ணும் புடிக்க முடியலண்ணே. உருவி உருவி வெரலெல்லாம் மரத்துப் போச்சு, பீச்சாங்கையாலதான் ஓட்டிக்கிட்டிருந்தேன். இந்த மாதிரி கிளாஸ் எத்தன ஒடச்சிட்டேன். அன்னைக்கு ஆபிஸ்ல அதத்தானே அவ்ளோ நேரம் சொன்னேன்? எப்படியும் நிறுத்தப் போறாங்க, சொல்லிட்டாவது போவோம்னு சொன்னேன். நீங்க தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க. அப்புறம் நன்றின்னீங்க.”

அந்த அறையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். என் புன்னகை ஞாபகம் வந்தது. கன்னம் வலித்தது ஞாபகம் வந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட வரவில்லை. வெட்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல. தேநீரை வாங்கிக் கீழே வைத்தேன்.

“இன்னொரு தடவ சொல்லும்மா.”

அவள் சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினாள். போன தீபாவளிக்கு முன்னால் முதலில் கட்டை விரல்தான் மரத்ததாம். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதெல்லாம் நான் அவளிடம் கத்திக்கொண்டுதானே இருந்தேன். அதனால் கேட்கவில்லை.