பக்கத்து சீட்டுக்கு ஒரு குரல்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் எதைக் கேட்டாலும் "ம்" என்பார். விளக்கமாகக் கேட்டால் "ம்ம்" என்பார். அதற்கு மேல் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று அவருடைய அக்காவே கேலி பேசுவாள். கல்யாணம் கூடி வரவில்லை. வந்த ஒன்றிரண்டு வரனும் "மாப்பிள்ளை பேசுவாரா?" என்று விசாரித்துவிட்டு நழுவிக்கொண்டன. ஓர் அச்சகத்துக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தார். கீழே இயந்திரம் ஓடும்வரை வீட்டில் சத்தம் இருக்கும். அது நின்றதும் குழாயில் தண்ணீர் சொட்டுவதுதான் கேட்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கம்பெனி சேர்த்துவிட்ட கூட்டாளியின் பட்டப்பெயர் ரேடியோ. மெக்கானிக்கைவிட நாலைந்து வயது மூத்தவர். வெறும் வாயையே மெல்லுகிறவர்; அவல் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். லிஃப்ட் வேலைக்கு அந்தக் காலத்தில் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மொட்டைமாடி மெஷின் ரூமில் நிற்பார், இன்னொருவர் அடியில் குழிக்குள் இறங்குவார். கீழேயிருந்து "போடுங்கண்ணே" என்று குரல் கொடுத்தால் மேலே ரேடியோ கரண்டைப் போடுவார். வேலை முடிந்ததும் இருவரும் ஒரே காரில் அடுத்த கட்டடத்துக்குப் போவார்கள். மெக்கானிக் ஓட்டுவார், ரேடியோ பக்கத்து சீட்டில் பேசிக்கொண்டே வருவார். மாமியார் கதை, மழைக் கதை, சொன்ன கதையையே காதும் மூக்கும் வைத்து மறுபடி சொல்வது என்று தலைமுடி நரைக்கும்வரை இருபது வருஷத்துக்குமேல் போயிற்று. "இந்த மனுஷன் ஒரு நாளாவது தொண்டை கட்டிப் படுக்கமாட்டாரா?" என்று மெக்கானிக் மனசுக்குள் வேண்டிக்கொண்டது உண்டு. ஆனால் வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது சும்மா சொன்னதல்ல. ரேடியோ ஓய்வுபெற்று, கடல்தாண்டி இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். புது லிஃப்டுகளுக்கு ஒரு ஆளே போதும் என்று கம்பெனியும் முடிவு செய்துவிட்டது. கார் மட்டும் மெக்கானிக்கிடம் இருந்தது. அதில் தனியாகப் போகும்போது இன்டிகேட்டர் டிக் டிக் என்பதுகூட அவருக்குப் பெரிதாகக் கேட்டது. பட்டன் அமுங்காத பழைய ரேடியோப் பெட்டி ஒன்று காரில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரு ஸ்டீரியோ வாங்குவது என்று தீர்மானித்தார்.

கார் ஸ்டீரியோ கடையை ஒரு பெண்மணி நடத்திவந்தாள். கையில் ஸ்க்ரூடிரைவர், கழுத்தில் கண்ணாடி. முதலில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். கதவுக் கண்ணாடி அதிர்ந்தது.

"பாஸ் எப்படி அதிருது சார்?"

"பேச்சு கேக்கணும்."

"நியூஸா? சொற்பொழிவா?"

"ஒருத்தர் பேசறது."

"அப்ப ஃபோனையே ப்ளூடூத்ல போட்டுக்கலாமே சார். ஈஸி."

மெக்கானிக் தலையாட்டி மறுத்தார். அந்த ஃபோனில்தான் கம்பெனி அழைப்பு வரும். "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு" என்று யாராவது கத்துவார்கள்; பேச்சு பாதியில் அறுந்துபோகும். பென் டிரைவில்தான் வேண்டும் என்றார். அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

சோதித்துப் பார்க்க அவரிடம் ஒரு ஒலிப்பதிவு இருந்தது. போனவாரம் வெட்கத்தை விட்டு ரேடியோவுக்கு ஃபோன் செய்து, "ஏதாவது பேசி அனுப்புங்கண்ணே, கார்ல போட்டுக் கேக்கணும்" என்று கேட்டிருந்தார். அதற்கு வந்தது அது. அந்தம்மா அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். முதல் பெட்டி, ஃபோனில் பதிவான அந்த ஃபைலைப் படிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பாட்டு ஃபைல் என்றால் மட்டும் பாடுமாம். படம் காட்டும் பெரிய பெட்டியில் ரேடியோ குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. மூன்றாவது சாதாரணப் பெட்டி. அதில் குரல் சுத்தமாக, லேசான மூக்கடைப்புடன், அப்படியே வந்தது.

"இதுவே போதும். சத்தம் அந்தப் பக்கக் கதவுலேருந்து மட்டும் வருமா?"

"நாலு ஸ்பீக்கர் இருக்கு, எதுக்கு சார் ஒண்ணுல மட்டும்?" என்று கேட்டவள், அவர் கை காட்டிய காலி சீட்டைப் பார்த்தாள். பிறகு குமிழைத் திருகி, மற்ற மூன்றையும் அடக்கினாள். "உங்க அண்ணனா சார்?" என்றாள் கடைசியில். "ம்" என்றார் அவர். அது பொய் இல்லை என்றே அவருக்குப் பட்டது.

பெட்டி அமைந்துவிட்டது, பேச்சு அமையவில்லை. அந்த ஒலிப்பதிவில் இருந்தது இவ்வளவுதான்: "நான் இங்கு நலம். நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்." உலகத்தையே பேச்சில் விற்கிற மனிதர், தபால்கார்டை வாசிப்பது போல வாசித்திருந்தார். மெக்கானிக் கடுப்பாகி மறுபடி ஃபோன் செய்தார்.

"என்னண்ணே இது?"

ரேடியோ கிசுகிசுப்பாகப் பேசினார். மாப்பிள்ளைக்கு வீட்டிலேயே ஆபீஸ் வேலை, எந்நேரமும் மீட்டிங். மாமனார் குரல் குறுக்கே வரக் கூடாது. மகள் வேலையிலிருந்து வருவதே களைத்துப்போய். "எதிர்ல ஆளே இல்லாம என்னத்தப்பா பேசறது? ம் கொட்ட ஆள் வேண்டாமா? நீ ம்னு சொல்லுவே, நான் அடுத்ததுக்குப் போவேன். இங்க ம் கொட்ட ஒரு நாதி இல்ல."

சுவரோடாவது சொல்லி அழு என்பார்கள். பேசிப் பழகியவருக்குச் சுவர் போதாது போலிருக்கிறது. மெக்கானிக் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினார். தன் வாழ்நாளில் தான் செய்த ஒரே உபகாரம் ம் கொட்டியதுதானா என்று அவருக்குத் தோன்றியது.

"மாப்பிள்ளை கார் சும்மா நிக்குதாண்ணே?"

"வாசல்லதான் நிக்குது."

"அதுல போய் உக்காருங்க. பக்கத்து சீட்டுல. நான் ஓட்டறேன்னு நெனச்சுக்கங்க."

நாலு நாள் கழித்து அடுத்த ஒலிப்பதிவு வந்தது. மெக்கானிக் அதைக் கேட்காமல் நேரே கடைக்குக் கொண்டுபோனார். பழையதை அழித்துவிட்டு இதை மட்டும் ஏற்றித் தரச்சொல்லி வாங்கி, நகரத்துக்கு வெளியே ஒரு மருத்துவமனை லிஃப்டைப் பார்க்கப் போகும் வழியில் போட்டார்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் முதலில் வந்தது. "தம்பி, கேக்குதா? சரி, வண்டிய எடு" என்றது பக்கத்து சீட்டு. அப்புறம் மடை திறந்துகொண்டது. மூன்றாவது மாடியைத் தவிர எந்த மாடியிலும் இறங்க மறுத்த நாயின் கதை. லிஃப்டில் ஏதோ அதிர்வு நாயை மிரட்டுகிறது என்று இருவரும் அரைநாள் மோட்டாரைப் பிரித்துப்போட்டது, கடைசியில் பார்த்தால் மூன்றாவது மாடியில் ஒரு அம்மாள் தினமும் அதற்குப் பிஸ்கட் போட்டது. மெக்கானிக்கும் கூடவே இருந்து பார்த்த கதைதான். ஆனாலும் சிரித்தார். இடையிடையே ரேடியோ ஒரு நொடி நிறுத்தினார். அந்த இடைவெளியில் எல்லாம் மெக்கானிக் பிசகாமல் "ம்" போட்டார். ஆற்றுப்பாலம் தாண்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பிறகு ரேடியோவின் குரல் இறங்கியது. "நான்பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன். இத்தன வருஷத்துல உன்ன ஒரு தடவ கேட்டதில்ல. நீ எப்படிப்பா இருக்கே?"

அதோடு பேச்சு நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. மனுஷன் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார்.

மெக்கானிக் வண்டியை ஓரமாக நிறுத்தினார். காலி சீட்டைப் பார்த்து, மெல்ல ஆரம்பித்தார்.

"நல்லால்லண்ணே. முந்தாநேத்து ஒரு குழியில இறங்கி வயரெல்லாம் மாட்டிட்டு, 'போடுங்கண்ணே'ன்னு குரல் குடுத்தேன். கரண்ட் வரல. மறுபடியும் குடுத்தேன். மேல ஆள் இல்லங்கறது அப்பறந்தான் உறைச்சுது. குழியிலயே உக்காந்துட்டேண்ணே. எவ்வளவு நேரம்னு தெரியல. மேல ஏறி வரவே மனசு வரல. எனக்கு என்ன தோணுச்சுன்னா..."

பென் டிரைவில் இருந்தது ஒரே ஃபைல். முடிந்ததும் பெட்டி தானாகவே முதலிலிருந்து தொடங்கியது. கார்க் கதவு சாத்துகிற சத்தம் வந்தது. "தம்பி, கேக்குதா? சரி, வண்டிய எடு."

"கேக்குதுண்ணே. கொஞ்சம் இருங்க, சொல்லி முடிச்சிடறேன்" என்றார் மெக்கானிக்.

ரேடியோ இருக்கவில்லை. நாய்க் கதைக்குப் போய்விட்டார். நிறுத்துகிற பட்டன் விரல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மெக்கானிக் கையை அதன் அருகே கொண்டுபோய், அங்கேயே வைத்திருந்தார். அண்ணன் பேச்சைத் தடுத்து அவருக்குப் பழக்கமில்லை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, காரை எடுத்தார்.