அத்தை மகளுக்கு ஒரு புதையல்

சாயங்காலம் நான்கு மணிக்கு, புதுமண்டபத்துத் தையல்கடையில் அத்தை மகளுக்குப் பாவாடை அளவெடுத்தபோதுதான் காரியம் கெட்டது.

தொண்ணூறுகளில் ஒரு ஜூன் மாதம். எனக்குப் பத்து வயது, அவளுக்கு எட்டு. கோடை விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து அத்தையோடு வந்தவள், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. என் தலையணையில் படுத்தாள், என் சீப்பில் தலை வாரினாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் சித்தப்பாவை எடுத்துக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக அவர் ஒரு வரைபடம் போட்டிருந்தார். காலண்டர் தாளின் பின்பக்கம், நடுவில் கோயில், சுற்றிலும் சதுரம் சதுரமாக வீதிகள், ஆறு சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் அவருக்குத் தெரிந்த ஒருவர் அடுத்த துப்பைச் சொல்வார். கடைசிப் புள்ளியான தெப்பக்குளத்தில் புதையலோடு அவரே நிற்பார். நான் வெறும் துணை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அவர் ஒரு கோடுகூடப் போட்டுத் தந்ததில்லை.

விளக்குத்தூண் பக்கம் பருத்திப்பால்காரர் முதல் தம்ளரை அவளுக்குக் கொடுத்து, ஆறும்வரை உட்கார வைத்தார். பத்துத்தூணில் ஜவுளிக்கடைக்காரர் தூண்களை எண்ணச் சொல்லி, தப்பு என்று மறுபடியும் எண்ணச் சொன்னார். அங்கிருந்து மகால் கூப்பிடு தூரம். வரைபடமோ எங்களைக் கோயில் பக்கம் புதுமண்டபத்துக்கு இழுத்தது; ராயகோபுரமும் மகாலும் அதற்கப்புறம்தான். அவளுக்கு ஊர் முழுக்கக் காட்டுகிறாராம்! எனக்கு வயிறு எரிந்தது.

"கோயம்புத்தூர்ப் பாப்பா நீயா தாயி? வா, பாவாடைக்கு அளவெடுக்கணும்" என்றார் புதுமண்டபத்துத் தையல்கார பாய்.

"எனக்கு?"

"ஒனக்கென்ன, நீ உள்ளூரு. சும்மா உக்காரு. அஞ்சு மணி வரைக்கும் விடக்கூடாதுன்னு ஒங்க சித்தப்பா உத்தரவு."

நான் எழுந்துவிட்டேன். "நான் வீட்டுக்குப் போறேன். ஒன் புதையல நீயே தேடிக்க."

"அக்கா, எனக்கு வழி தெரியாதே!"

"அதான் மேப்பு இருக்குல்ல?"

விறுவிறுவென்று நடந்தேன். அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். பாய் கூப்பிட்டது கேட்டது, நான் திரும்பவில்லை.

வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். கூடத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளம், அதில் அத்தையின் தாலி. அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தாம்பாளத்தை நோக்கிக் கையை நீட்டிய நேரம்.

"அப்பா! என்னையக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று அவள் ஓடினாள்.

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. அப்பாடா, இன்றோடு இவள் ஊருக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். மாமா தாலியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகளைப் பார்க்காமலே வெளியேறினார். அம்மா ஓடிவந்து அவளைத்தான் கட்டிக்கொண்டாள். அம்மாவும் அவளுக்கா என்று எனக்கு அழுகை வந்தது.

இன்று என் மகள் பள்ளியிலிருந்து கொஞ்சம் முன்னதாக வந்து கதவைத் தட்டினாலும், திறக்குமுன் கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் சித்தப்பா வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஆட்டத்தைக் கெடுத்ததற்குத் திட்டப் போகிறார் என்று கதவுக்குப் பின்னால் ஒண்டினேன். அவர் வெறும் தாம்பாளத்தைப் பார்த்தார். அம்மா மடியில் கிடந்தவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னும் மூணு எடம் இருந்துச்சேம்மா" என்றார்.