'மற்றும்' என்று ஒரு சொல்

சட்டத்தை மனுஷன் படித்தால் கொஞ்சமாவது இரக்கம் வரும். அதை மிஷின் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கம்ப்யூட்டரோடு மாரடித்த சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடி அறை. ஒரு துறையின் வேலை விதிகளை நிபந்தனை நிபந்தனையாக உடைத்து, டைப் அடித்து, இன்டர்நெட்டில் ஏற்றுவேன். ஈ.சி.ஆர். கடலோரச் சாலையில் இருந்த பிரவுசிங் சென்டர்கள் அதைக் காலையில் இறக்கிக்கொள்ளும். விண்ணப்பிக்க வருகிறவரின் விவரத்தைத் தட்டினால் 'தகுதி உண்டு', 'தகுதி இல்லை' என்று திரை சொல்லும். 'இல்லை' என்றால் விண்ணப்பமே போகாது.

போன்ற

'ரேஷன் கார்டு போன்ற ஆவணங்கள்' என்று ஒரு விதி. மிஷினுக்குப் 'போன்ற' புரியாதே! எவையெவை என்று துறை அலுவலரிடம் கேட்கப் போனேன். நாலு பேர் எதிரில் எரிந்து விழுந்தார்.

"போன்றன்னா போன்றதான்யா. உன் மிஷினுக்கு மொதல்ல தமிழ் கத்துக் குடு!"

மற்றும்

அந்த அவமானத்தில், இனி எதையும் கேட்பதில்லை என்று வீம்பு பிடித்தேன். அடுத்து வந்தது பாலவாடி ஆயா வேலை. வயது வரம்பு முப்பத்தைந்து. 'விதவைகள் மற்றும் கணவரால் கைவிடப்பட்டோருக்கு' ஐந்து வருடம் தளர்வு. இருந்ததை இருந்தபடியே அடித்து ஏற்றினேன்.

திருவிடந்தை சென்டர் மோகன் போன் பண்ணினான். "அண்ணாத்த, இன்னா ரூலு இது? இங்க ஒரு அம்மா கையில புருசனோட இறப்பு சர்டிபிகேட்டு கீது, மிஷினு இல்லைன்னுகினே கீது!"

விதியைத் திறந்து பார்த்தேன். நமக்கு 'மற்றும்' என்றால் இவர்களும் அவர்களும். மிஷினுக்கு, ஒரே பெண் இரண்டுமாக இருக்க வேண்டும். மோகன் போனை அந்த அம்மாவிடம் கொடுத்தான். பெயர் செல்வி, வயது முப்பத்தொன்பது. புருஷன் கடலில் போனவன். அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் நாற்பது தாண்டிவிடும். மறைக்க மனசில்லாமல் காரணத்தைச் சொன்னேன்.

"அவரு செத்தது பத்தாதா சார்? சாவறதுக்கு மின்னாடி என்னை வுட்டுட்டும் போயிருக்கணுமா?"

அல்லது

'மற்றும்' எடுத்து 'அல்லது' போட ஒரு நிமிடம் ஆகவில்லை. ஒருமுறை ஏற்றியதை மாற்றத்தான் அலுவலர் கையெழுத்து வேண்டும். "ஆர்டர்ல 'மற்றும்'னு இருக்கு. மாத்த நீ யாருய்யா?" என்று ஃபைலைச் சென்னைக்கு அனுப்பினார். அது திரும்பியபோது கடைசித் தேதி முடிந்து நாலு நாள். அன்றைக்கு வீம்பு பார்க்காமல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பாவி நான், கேட்கவில்லை.

நேரில் சொல்லத் திருவிடந்தை போனேன். செல்வி மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். "தப்பைச் சரி பண்ணிட்டோம்மா," என்றேன். அவள் நிமிரவில்லை.

"யாருக்கு சார்?"

இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும்' என்று பார்த்தால், இரண்டுமாக இல்லாதவனை உள்ளே விடுவார்களா என்று மண்டப வாசலில் ஒரு நிமிடம் தயங்கிவிட்டுத்தான் போகிறேன்.