ஊமைக்குப் போட்ட சங்கிலி

புளியும் சாம்பலும் சேர்த்துப் பித்தளை துலக்குகிற வாடை வந்தால் நான் அந்தத் தெருவை விட்டே போய்விடுவேன். இன்று காலை தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு பெண் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் தண்ணீர் சாக்கடைக்கு ஓட, விரலிடுக்கில் மஞ்சள் பளிச்சிட்டது. கூடையில் கீரை இருந்தது, மீன் இருந்தது, வெயிலேறினால் மீன் கெட்டுவிடும் என்கிற கவலையும் இருந்தது. ஆனாலும் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. எங்கெங்கோ நடந்தேன். நாற்பது வருஷம் கூடவே நடந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. இந்தப் பக்கத்தை அன்று சுண்ணாம்புக் கம்பம் என்பார்கள்; கம்பம் என்றால் இங்கத்துப் பேச்சில் குடியிருப்பு. எருமைக் கொட்டில்கள், சூளைகள், சேறு, அதன் நடுவே வாழ்க்கை. அப்பா ஒரு சூளையில் மேஸ்திரி. எங்கள் வீட்டில் வேட்டி, சேலை, பாய், தலையணை எல்லாவற்றின் மேலும் ஒரு வெள்ளைத் தூள் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் மின்னுகிற பொருள் என்று ஏதாவது இருந்ததென்றால் அது மாமாவின் ஊதல்கள்தான்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். தஞ்சோங் பகார் துறையில் வேலை. கப்பலின் மேல்தட்டில், சரக்கு இறங்குகிற பெரிய வாயின் விளிம்பில் நிற்பார். கீழே, கப்பலின் வயிற்றுக்குள், ஆட்கள் மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்குவார்கள். மேலே நீராவியில் இயங்கும் பாரந்தூக்கி அந்த வலையைத் தூக்கும். தூக்குகிறவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே இருப்பவர்களுக்குத் தலைக்குமேல் வருவது தெரியாது. இரண்டுக்கும் நடுவே மாமாவின் கை. விரலை ஆட்டினால் தூக்கு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. ஆபத்து வந்தால் மட்டும் விசில். அது கேட்டால் பாரம் அந்தரத்தில் அப்படியே நிற்கும், கீழே இருப்பவர்கள் சுவரோரம் ஓடி ஒண்டுவார்கள்.

மாதக்கணக்கில் ஊத வேண்டி வராது. ஊதாத மாசம்தான் நல்ல மாசம் என்பார் மாமா.

வாயில் வைக்காமல் பையில் கிடக்கிற அந்தச் சின்னச் சாமானின் மேல் அவருக்கு எப்படி இத்தனை கிறுக்குப் பிடித்ததோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமையானால் என்னைக் கூட்டிக்கொண்டு ரோச்சோர் ஆற்றோரம் பழைய இரும்பு வாங்குகிற சீனரிடம் போய்விடுவார். துருவும் ஆற்று நாற்றமும் சேர்ந்த அந்தக் கொட்டகையில் மாமாவின் முகம் கோயிலுக்குள் போனவர் முகம்போல் ஆகிவிடும். "மஹால் லா, தவுக்கே!" என்று, விலை ரொம்ப அதிகம் முதலாளி என்கிற பாவனையில் நெஞ்சில் கை வைப்பார். சீனர் பல்லில்லாத வாயைத் திறந்து சிரிப்பார். போலீஸ்காரர் ஊதல், ரயில் கார்டு ஊதல், சிறைக் காவலர் ஊதல், மாலுமிகளைக் கூப்பிடுகிற வளைந்த குழல், எந்த வெள்ளைக்காரக் குழந்தையோ கடித்துப் பல்தடம் பதிந்த வெள்ளி ஊதல் என்று ஒவ்வொன்றாய் எங்கள் வீட்டுக்கு வந்தன. எல்லாம் மாமாவைவிட வயதானவை. ஒவ்வொன்றுக்கும் அதன் சங்கிலி. முறுக்குக் கண்ணி, கோதுமைக் கண்ணி, சட்டைப் பொத்தான் துளையில் மாட்டிக்கொள்ளக் குறுக்குக் கம்பி வைத்தது.

"பொண்ணு பாக்கப் போற வயசுல பீப்பி பாக்கப் போறான் பாரு" என்பாள் அம்மா.

"பொண்ணு வந்தா அவ ஊதுவா, நான் ஆடணும். இது நான் ஊதுனாத்தான்க்கா ஊதும்" என்பார் மாமா.

சங்கிலி விஷயத்தில் மட்டும் அவர் கண்டிப்பு. ஒன்றினுடையதை இன்னொன்றுக்கு மாட்டக் கூடாது. சங்கிலி தொலைந்த ஊதல் அதன் சொந்தச் சங்கிலி கிடைக்கும்வரை வெறுமனே கிடக்க வேண்டியதுதான். அப்படி வெறுமனே கிடந்தது ஒன்றே ஒன்று. இருந்ததிலேயே அழகானது அதுதான். முழுகிப்போன ஒரு கப்பலிலிருந்து வந்தது என்றார் சீனர். உடம்பில் நங்கூரம் செதுக்கியிருக்கும். உள்ளே உப்பு அரித்துவிட்டதால் சத்தம் வராது. ஊதினால் நம் மூச்சு நமக்கே திரும்பி வரும். அதற்கு ஊமை என்று பெயர் வைத்திருந்தோம். அதன் சங்கிலியை மாமா ஒரு வருஷமாய்த் தேடிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. அப்பாவின் கரணை, சட்டி, அம்மாவின் அரிவாள்மனை எல்லாம் சாமிப் பலகைக்கு வந்தன. மாமா தன் ஊதல்கள் அனைத்தையும் ஒரு துணியில் கொட்டி என்னிடம் கொடுத்தார். வருஷத்தில் அன்று ஒருநாள்தான் அவற்றை நான் தொடலாம். வேலைக்கு எடுத்துப்போகிற ஊதலும் அதில் இருந்தது. மற்றவை நடுவே அது வெறும் சோற்றுக் கரண்டிபோல் தெரிந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். விரல்நுனி வெளுத்துச் சுருங்கிவிட்டது.

அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டு, கழுத்தைப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா மூளியா நிக்காதடி" என்று பவளமணியை மாட்டிவிட்டாள்.

நான் பலகைக்குத் திரும்பி வந்தேன். எல்லாரும் சங்கிலி போட்டுக்கொண்டு வரிசையாய் இருந்தார்கள். ஊமை மட்டும் மூளியாய்க் கிடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. வேலை ஊதல் தினமும்தான் போட்டுக்கொள்கிறது, ஒருநாள் கொடுத்தால் குறைந்தா போய்விடும்? அதன் சங்கிலியைக் கழற்றி ஊமைக்கு மாட்டினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. மாமாவுக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்று சந்தனத்தைக் குழைத்து நங்கூரம் மறையும்படி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். வேலை ஊதலை வாழைப்பழச் சீப்புக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். கற்பூரம் காட்டினார்கள். விழுந்து கும்பிட்டோம்.

பூசை போட்டதை மறுநாள் சாவகாசமாய் எடுப்பதுதான் வழக்கம். கப்பலுக்கு அதெல்லாம் தெரியாது. மாமா விடியலிலேயே கிளம்பினார். எப்போதும்போல் விரல் சங்கிலியைத் தேடியது, கிடைத்தது. குறுக்குக் கம்பி பொத்தான் துளையில் ஏறியது, ஊதல் பைக்குள் விழுந்தது. துறை வாசலில் தினமும் ஒரு தடவை மெல்ல ஊதிப் பார்ப்பாராம். அன்று ஊதவில்லை. பூசைச் சந்தனம் காய்ந்துகூட இல்லை, அதற்குள் எச்சில் படுத்துவானேன் என்று விட்டுவிட்டார்.

அதற்குமேல் நடந்தது, பிற்பாடு பலர் சொல்லக் கேட்டுக் கேட்டு நான் கண்ணால் பார்த்ததுபோலவே ஆகிவிட்டது. அரிசி மூட்டைகளோடு வலை மேலே வருகிறது. ஒரு பக்கத்துக் கயிறு பிரிகிறது. மாமா உள்ளங்கையைக் கவிழ்க்கிறார், தூக்குகிறவன் வேறெங்கோ பார்க்கிறான். மாமா ஊதலை வாயில் வைக்கிறார். கன்னம் உப்புகிறது. மூச்சு போகிறது. சத்தம் இல்லை. மறுபடியும். பிறகு அவர் தொண்டையால் கத்தினாராம். நீராவி இரைச்சலில் அந்தக் குரல் யாருக்குக் கேட்கும்? கீழே ஒரே ஓர் ஆள்தான் நடுவில் நின்றான். ஊரிலிருந்து வந்து நான்கு மாதம் ஆன பையன்.

உச்சிக்குமுன் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையெல்லாம் சந்தனக் கறை. நேரே சாமிப் பலகைக்குப் போய் வாழைப்பழச் சீப்பை நகர்த்தினார். பின்னால் கிடந்த வேலை ஊதலைக் கையில் எடுத்தார்.

"பாப்பா, ஊமைக்கு யாரு சங்கிலி போட்டது?"

"நான்தான் மாமா. நல்லாருந்துச்சா?"

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் எந்த வார்த்தையிலும் இறக்கிவைக்க முடியவில்லை, எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன்.

"நல்லாருந்துச்சு" என்றார். "ஆனா யாரு கேட்டாலும் மாமாதான் போட்டாருன்னு சொல்லணும். சாமி மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். எனக்குச் சற்று வருத்தம்தான். நான் செய்த அழகை மாமா தன்னுடையதாகச் சொல்லிக்கொள்ளப் பார்க்கிறாரே என்று.

சாயங்காலம் செத்தவனுடைய அண்ணன் வந்தான். அவனும் துறையில்தான் மூட்டை தூக்கினான். கூட நான்கைந்து பேர் வாசலில் நின்றார்கள். அடிக்கப்போகிறான் என்று அப்பா முன்னால் வந்து மறித்தார். அவன் அடிக்கவில்லை. "அந்த விசில ஒருக்கா காட்டுங்க" என்றான். மாமா எடுத்துக் கொடுத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வாயில் வைத்து ஊதினான். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினான். கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க ஊதினான். நிறுத்தவே இல்லை. அவன் கன்னம் தவளையின் தொண்டைபோல் உப்பி உப்பி அடங்குவதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன்.

அம்மா விட்ட அறையில் நான் சுவரில் போய் மோதினேன். அவன் ஊதலை நிலைப்படியில் வைத்துவிட்டு, "பாத்து எடுத்திருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டான்.

துறைமுக ஆபீசில் விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் அப்பா மாமாவைச் சூளைப் பக்கம் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"யாரோ மாத்தி வெச்சுட்டாங்க, எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுடா. பூசை வீடு, நாலு பேரு வந்து போற இடம். துரை நம்புவாரு. வேலையாச்சும் மிஞ்சும்."

"நான்தான் போட்டேன் மச்சான்."

"ஏன்டா போட்ட?"

"அழகுக்கு."

"மனுச உசுரு கீழ நிக்குது, உனக்கு அழகு கேக்குதா?" அப்பா அத்தனை சத்தமாய்ப் பேசி நான் கேட்டதில்லை. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அன்று என்னைப்போல் நல்ல பிள்ளை அந்தக் கம்பத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விளையாட்டுச் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவன் என்று எழுதி மாமாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தத் துறையில் இனி எந்தக் கப்பலிலும் அவருக்கு வேலை கிடையாது. அம்மா ஊதல்களைத் துணியோடு அள்ளிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் குழியில் கொட்டினாள். வெள்ளைச் சேறு கொதித்துக் குமிழி விட்டது. சங்கிலிகள் சற்று நேரம் மேலே கிடந்து, ஒவ்வொரு கண்ணியாய் உள்ளே போயின. மாமா கைகட்டிக்கொண்டு பார்த்திருந்தார். தெருவில் தண்ணீருக்கு நிற்கும் பெண்களிலிருந்து பால்காரர்வரை எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. கவனம் இல்லாதவன், பொறுப்பு இல்லாதவன், ஒரு தாய் வயிறு எரியக் காரணமானவன். ஒரு வாரம் அதைக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நானும் அதை நம்பினேன். மாமா செய்தது தப்புதான் என்று எனக்கு மெய்யாகவே தோன்றியது. சங்கிலி மாட்டியது வேறு, ஆள் செத்தது வேறு. இரண்டையும் சேர்க்கிற ஒரு கோடு இருக்கிறதென்று எனக்குத் தெரிய இன்னும் பல வருஷங்கள் ஆயின. தெரிந்தபோது சொல்லி அழ மாமா இல்லை. ஊரில் காய்ச்சலில் போனார் என்று ஒரு கடிதம் வந்து, அதுவும் பழசாகியிருந்தது.

மாமா ஊர் திரும்பிய நாகப்பட்டினத்துக் கப்பல் புறப்பட்ட அன்று அம்மா வரவில்லை. அப்பாவும் நானும் போனோம். தூரத்தில் நிற்கிற கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் சம்பான் படகுகள் படித்துறையில் முட்டிக்கொண்டு நின்றன. வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. மாமாவிடம் ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய். அப்பா கட்டுச்சோற்றைக் கொடுத்துவிட்டு, படகுக்காரனோடு வழியைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

மாமா குனிந்து என் பாவாடையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்கப்போகிறார், அல்லது ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அதற்குள் படகுக்காரன் கூப்பிட்டான். பெரியவர்கள் எல்லாரும் அவருக்குப் புத்தி சொல்லிவிட்டார்கள், நான்தான் இன்னும் சொல்லவில்லை என்று அப்போது நினைவு வந்தது. அம்மா செய்வதுபோல் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டேன்.

"போற எடத்துலயாச்சும் வேலையில கவனமா இருக்கணும் மாமா. சரியா?"

"சரிம்மா" என்றார் மாமா. "இனிமே பாத்து நடந்துக்கிறேன்."