ஏழாம் நம்பர் பெட்டி

ஒன்பது வயதில் நான் ஒரு வாரம் பறவைகளோடு சண்டை போட்டேன். ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மெச்சிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் சென்னையிலிருந்து ஒரு கல்லூரி அக்கா பழவேற்காட்டுக்கு வந்து எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கினாள். பொந்தில் முட்டையிடும் பறவைகளைப் பற்றிப் படிக்கிறவள். பொந்துள்ள கிழட்டு மரங்களையெல்லாம் வெட்டித் தீர்த்தாகிவிட்டது. பலகையில் பெட்டி செய்து மாட்டினால் அந்தப் பறவைகள் குடிவருமா, வந்தால் எத்தனை குஞ்சு பிழைக்கும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. முன்பக்கம் வட்டத் துளை போட்ட பதினான்கு பெட்டிகள். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் டச்சுக்காரர் கல்லறைப் பக்கமும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் மரம் மரமாக மாட்டியவர் என் தாய்மாமா.

பெட்டி மாட்டி ஒரு மாதம் ஆனபோது ஊரில் பேச்சு கிளம்பியது. ஒருநாள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே நைனா, அதாவது என் அப்பா, மாமாவிடம் சொன்னார்: “பட்சிங்க வந்து குடியேறிச்சின்னா, இது பட்சிங்க எடம்னு எழுதிடுவாங்க. அப்பால ஏரில வலை போடாதேம்பாங்க. நாம எளாவூர் செக்போஸ்டாண்ட போயி டீ ஆத்த வேண்டியதுதான்.”

மாமா சிரித்தார். நைனாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரியை விட்டால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். பறவை குடிவரக் கூடாது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுத் தெரு அடங்கியதும், ஏரிக்கரைச் சேற்றைப் பழைய பெயிண்ட் டப்பாவில் அள்ளிக்கொண்டு கிளம்புவேன். மரம் ஏறுவதில் என் வயதுப் பையன்கள் யாரும் எனக்கு ஈடில்லை. ஒரு நாளைக்கு இரண்டு துளை, மூன்று துளை. அக்கா காலையில் வந்து சுரண்டி எடுப்பாள். நான் மத்தியானம் மறுபடி அடைப்பேன். குளவி வேலையாக இருக்கும் என்று மாமா சொன்னதற்கு, “குளவிக்கு அஞ்சு விரல் இருக்கு போல” என்றாள் அக்கா. யார் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

வார முடிவில் ஓடிவந்து மாமாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது: “ஏழாம் நம்பர்ல குடி வந்தாச்சு!” கல்லறைச் சுவரை ஒட்டிய வேப்பமரத்துப் பெட்டி அது, நான் இன்னும் தொடாத பெட்டி. பறவை எப்போது வந்ததோ, அக்கா அன்றுதான் பார்த்திருக்கிறாள். இத்தனை பாடுபட்டும் கோட்டைவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அங்கே போய்க் காத்திருந்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குண்டுக்கரிச்சான் வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே பறந்தது. அது போனதும் ஏறி, இரண்டு கை சேற்றை அப்பி, மேலே இன்னொரு கை போட்டு வழித்துவிட்டேன். திரும்பி வந்து பார்க்கும், கதவு சாத்தியிருக்கும், வேறு ஊர் பார்த்துக்கொண்டு போய்விடும்.

மனசு கேட்காமல் சாயங்காலம் பார்க்கப் போனேன். அது எங்கேயும் போயிருக்கவில்லை. அலகில் ஒரு பச்சைப் புழு. பெட்டிமேல் வந்து தொற்றி, சேற்றைக் கொத்தி, கிளைக்குப் போய், மறுபடி வந்து தொற்றியது. புழுவை அது விழுங்கவே இல்லை. மரத்தடியில் நின்றபோதுதான் உள்ளே இருந்து சத்தம் கேட்டது. மிக மெல்லிய கீச்சொலி.

குஞ்சு இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

ஏறினேன். ஏரிச் சேறு வெயிலில் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. மேல்மூடியை அக்கா கம்பி போட்டு முறுக்கியிருந்தாள். நகத்தால் பிறாண்டினேன். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. திறக்காமல் கீழே இறங்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிறாண்டினேன்.

“இன்னாமே பண்ற அங்க?”

தோளில் வலையோடு நைனா. அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னேன், டீ ஆற்றுவது உட்பட. அவர் வலையைக் கீழே போட்டுவிட்டு ஏறிவந்து, இடுப்பிலிருந்த கத்தியால் துளை ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் கீறினார். சேறு உள்ளே விழாதபடி நான் உள்ளங்கையை ஏந்தினேன். அடைப்பு பெயர்ந்தது. நான்கு குஞ்சுகள். மூன்று வாயைத் திறந்தன. ஒன்று திறக்கவில்லை.

சுவருக்குப் பின்னால் போய் நின்றோம். கரிச்சான் உள்ளே போய், புழு இல்லாமல் வெளியே வந்தது. அதுவரை நைனா என் கையை விடவில்லை.

அப்படியே என்னை அக்காவின் அறைக்கு அழைத்துப் போனார். மன்னிப்புக் கேட்கச் சொல்லப்போகிறார் என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன். அக்கா கதவைத் திறந்ததும் அவர் முந்திக்கொண்டார்.

“நான்தாம்மா அடைச்சேன். ஒரு குஞ்சு செத்துப்போச்சு.”

“ஏண்ணா?” என்றாள் அக்கா. ஊர்ப் பயத்தைச் சொன்னார். அப்படியெல்லாம் நடக்காது என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவளோ, “நான் எழுதுறத யாரு எதுக்கு எடுத்துக்குவாங்கன்னு எனக்கே தெரியாதுண்ணா” என்றாள். நைனா தலையசைத்தார். மறுநாளிலிருந்து எந்தப் பெட்டியிலும் சேறு இல்லை. பத்து நாளில் மூன்று குஞ்சுகளும் பறந்துபோயின.

பொய் சொன்னதற்காக என்னை ஒருமுறை நைனா விளக்குமாற்றால் அடித்திருக்கிறார். அப்படிப்பட்டவர் எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டாரே என்று அக்காவிடம் போய்வந்த அன்றிரவு பெருமையாகப் படுத்துக்கொண்டேன். அவர் உண்மையைத்தான் சொன்னார் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்து, நான் விளையாட்டாகச் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.